திரும்பி வந்த நாடகப் பிரதி

வானொலி நிலையம் ஒன்றுக்கு அனுப்பிய நகைச்சுவை நாடகம் திரும்பி வந்த மறுநாள் மாலை, அதை எழுதிய இளைஞர் என்னைத் தேடி வந்தார். இருபத்து நான்கு பக்கங்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரே ஒரு வாக்குப் பெற்றுத் தோற்ற ஒருவர், அந்த ஒரு வாக்கை அளித்த நல்லவர் யாரென்று ஊரெல்லாம் தேடி அலைவதுதான் கதை. பதற்றத்தில் முத்திரையைத் தப்பான இடத்தில் குத்தியதால் தம் வாக்கு செல்லாமற் போயிருக்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே அது அவர் வாக்கன்று. அவர் மனைவியின் வாக்கும் அன்று என்பது இரண்டாம் காட்சியில் வெளிப்படுகிறது. பிரதியோடு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். படைப்பு ஒலிபரப்புக்கு ஏற்றதாக இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. கீழே இருந்த கையொப்பத்தை எங்கள் இருவராலும் படிக்க முடியவில்லை.

இத்தகைய வேளைகளில் மூத்தவர்கள் சொல்லும் கதையைத்தான் நானும் சொன்னேன். இங்கிலாந்தில், பி.பி.சி. நிறுவனத்தில், நகைச்சுவைப் பிரதிகளைப் படித்துக் கருத்துரைக்கும் பதவியில் இருந்த இயன் மெயின் என்பவர் 1974ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் தம் துறைத் தலைவருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஜான் கிளீசும் அவர் மனைவி கானி பூத்தும் சேர்ந்து எழுதிய ஒரு தொடரின் முதற் பிரதியைப் பற்றியது அது. தலைப்பு எவ்வளவு மோசமோ பிரதியும் அவ்வளவு மோசம். தேய்ந்து போன உத்திகளும் அச்சில் வார்த்தெடுத்த பாத்திரங்களுமே இதில் உள்ளன. இது பெருந்தோல்வியாக முடியுமேயன்றி வேறொன்றும் ஆகாது. இதுதான் அவர் தீர்ப்பின் சாரம். அந்தப் பிரதியே பின்னர் ‘ஃபால்டி டவர்ஸ்’ என்னும் தொடராக மலர்ந்தது. 1975இல் ஆறு பகுதிகள், 1979இல் ஆறு பகுதிகள், ஆகப் பன்னிரண்டே பகுதிகள். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தேறுதல் அடைந்தவராகத் தெரியவில்லை.

“அவர் ஏற்கெனவே பேர் வாங்கினவர் சார். என்னை யாருக்குத் தெரியும்?” என்றார்.

இப்பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அன்றிரவு அதைப் பற்றி எண்ணியபோது, நான் சொன்ன கதை ஆறுதலாக இல்லை என்பதோடு, அது முழு உண்மையாகவும் இல்லை என்பது தெளிவாயிற்று. கிளீஸ் 1969 முதலே ‘மான்டி பைதான்’ குழுவினருள் ஒருவராகப் பிரிட்டனின் வீடுதோறும் அறியப்பட்டவர். இயன் மெயினின் குறிப்பு அவருக்கு எழுதப்பட்டதுமன்று. அலுவலகத்துக்குள் மேலாளருக்குச் சென்ற உள்குறிப்பு அது. அம்மேலாளரான ஜிம்மி கில்பர்ட்டுக்கும் ஐயங்கள் இருந்தன. பாத்திரங்களை அந்த விடுதியை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கிளீஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆயினும் அவர் தொடருக்கு ஒப்புதல் அளித்தார். குறிப்பு எழுதப்பட்ட அதே ஆண்டின் இறுதியில் முதற்பகுதி படம்பிடிக்கப்பட்டுவிட்டது. சுருங்கச் சொன்னால், கிளீசின் பிரதி நிராகரிக்கப்படவே இல்லை. ஒரு வாசகருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. நிராகரிப்பின் மாபெரும் உதாரணமாக உலகம் சொல்லிக்கொண்டிருப்பது, பெயர் பெற்ற ஒருவருக்குக் கதவு திறந்தே இருந்ததன் வரலாறாகும்.

அப்படியானால் அந்தக் குறிப்பிலிருந்து கற்க ஒன்றுமில்லையா? இருக்கிறது என்றே கருதுகிறேன். ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் பாடமன்று.

இயன் மெயினை நாம் எள்ளி நகையாடுவது எளிது. கொஞ்சம் பொறுமையோடு அவர் நாற்காலியில் அமர்ந்து பார்ப்போம். முதற்பகுதியின் கதை இதுதான். டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் ஒரு சிறு தங்கும் விடுதி. அதன் உரிமையாளர் பாசில் ஃபால்டிக்குத் தம் விடுதியில் மேன்மக்கள் மட்டுமே தங்க வேண்டும் என்று ஆசை. மெல்பரி பிரபு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். பாசில் அவர் காலடியில் விழாத குறை. சாதாரணப் பேச்சுடைய இன்னொரு விருந்தினரை அவர் அலட்சியம் செய்கிறார். இறுதியில் பிரபு ஒரு மோசடிக்காரர், அலட்சியம் செய்யப்பட்டவரோ அவரைப் பிடிக்க வந்த காவல்துறையாளர் என்று தெரிகிறது. விலையுயர்ந்த பொருள்கள் அடங்கியது என்று பிரபு ஒப்படைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கற்கள். இதில் எது புதிது? போலிப் பிரபு, அற்பக் கௌரவத்துக்கு ஏங்கும் கடைக்காரர், அதட்டும் மனைவி, மொழி தெரியாமல் விழிக்கும் அயல்நாட்டுப் பணியாள் ஆகிய அனைவரும் மேடையேறிப் பல நூற்றாண்டுகள் ஆயின. பாத்திரங்கள் பழையவை என்று மெயின் எழுதியதில் தவறில்லை. தாளில் இருந்ததை அவர் சரியாகவே படித்தார்.

தாளில் இல்லாததுதான் சிக்கல். பழைய அச்சில் வார்த்த பாத்திரம் நகைச்சுவைக்குக் குறையன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளைத் தொகுக்கும்போது நகையையே முதலில் வைத்து, அது பிறக்கும் களங்களாக நான்கைச் சுட்டினார்: பிறரை எள்ளுதல், சிறுபிள்ளைத்தனம், அறியாமை, அறிந்தும் தவறாகக் கொள்ளும் மடமை. இவ்வாறு உரை கொண்டால், ஃபால்டி விடுதியில் நான்கும் உண்டு. ஐந்தாவதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பாசில் பிறரை எள்ளுகிறார். அகப்பட்டுக்கொள்ளும்போது குழந்தையைப் போல் அடம்பிடிக்கிறார். பார்சிலோனாவிலிருந்து வந்த மானுவேலுக்கு ஆங்கிலம் தெரியாது. உண்மை கண்முன் நின்றாலும் தாம் விரும்பியதையே காணும் மடமை பாசிலுக்கே உரியது. களங்கள் பழையவை, அவற்றில் ஆடுகிறவர்கள் எவ்வளவு விரைவாக, எந்த நொடியில் அடியெடுத்து வைக்கிறார்கள் என்பதே புதுமை. ஒவ்வொரு பிரதிக்கும் கிளீசும் பூத்தும் வாரக்கணக்கில் உழைத்தனர். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு வழக்கமாக உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்குப் பக்கங்கள் அவர்களுடைய பிரதியில் இருந்தன என்றும் சொல்லப்படுகிறது. பக்கங்கள் இருமடங்கு, நேரமோ அதே அரை மணி. அதாவது, பேச்சும் ஓட்டமும் இருமடங்கு விரைவாக நிகழ்ந்தாக வேண்டும். அந்த விரைவை மேசையருகே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டு படிப்பவர் எவ்வாறு உணர்வார்? ஆறடிக்கு மேல் வளர்ந்த கிளீஸ், தம்மைவிடக் குள்ளமான ஆண்ட்ரூ சாக்சின் மீது குனிந்து கத்தும் காட்சி, எழுத்தில் வெறும் கோபம். கண்ணால் காணும்போது, தன் இயலாமையைத் தன்னிலும் எளியவன்மேல் கொட்டுகிற ஒரு மனிதனின் அவமானம்.

மானுவேலைப் பற்றி ஒரு சொல். அயல்நாட்டு ஏழைப் பணியாளை அடிப்பதைக் கண்டு சிரிப்பது முறையா என்னும் வினா எனக்கு எப்போதும் உண்டு. அப்பாத்திரத்தை ஏற்ற சாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்து, நாத்சிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் சிறுவனாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். மொழி தெரியாத நாட்டில் நிற்பது என்னவென்று அறிந்தவர் என்பதனாலோ என்னவோ, அவருடைய மானுவேல் ஒருபோதும் அற்பமாக்கப்படுவதில்லை. அந்த விடுதியில் உள்நோக்கமின்றி உழைப்பவர்களுள் அவரும் ஒருவர். நம் சிரிப்பு பெரும்பாலும் அடிப்பவர் மீதே திரும்புகிறது. பெரும்பாலும் என்று சொன்னேன். எல்லா இடங்களிலும் அப்படி என்று சாதிக்க என்னால் முடியாது.

எழுத்துக்கு அகப்படாதது விரைவு மட்டுமன்று, மௌனமும்தான். 1958இல் ஒலிபரப்பான ‘ஹான்காக்கின் அரைமணி’ வானொலித் தொடரில், ஞாயிறு பிற்பகலில் வீட்டில் சும்மா இருக்கும் சிலரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒன்றுமே நடப்பதில்லை. பெருமூச்சுகள், இடைவெளிகள், மணி என்ன என்னும் அலுப்பு, மீண்டும் இடைவெளி. இதைத் தட்டச்சுப் பிரதியாகப் படிக்கும் ஒருவர், பாதிப் பக்கத்தைக் காணவில்லையே என்று உறையைத் துழாவக்கூடும். எழுதியவர்கள் ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும். அந்த இளைஞருக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய கதை இவர்களுடையது.

1948இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் மில்ஃபோர்டு என்னுமிடத்திலிருந்த காசநோய் மருத்துவமனையில் இருவரும் சந்தித்தனர். இருவருமே இருபதை எட்டாதவர்கள். அக்காலத்தில் காசநோய் எளிதில் தீர்வதன்று; மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுக்கை. மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் நடத்திய சிறு வானொலிக்காக அவர்கள் எழுதத் தொடங்கினர். கேட்டவர்களும் படுக்கையில் கிடந்தவர்களே. நகைச்சுவை எழுதுவோர்க்கு இதைவிடக் கடுமையான பள்ளி கிடைக்குமா என்பது ஐயம். பின்னர் புகழ் பெற்ற எழுத்தாளர்களான பிராங்க் மூயருக்கும் டெனிஸ் நார்டனுக்கும் அறிவுரை கேட்டு மடல் எழுதினர். பி.பி.சி.யில் பிரதிகளுக்குப் பொறுப்பாயிருந்த கேல் பெட்ரிக்குக்கு அனுப்பிப் பாருங்கள் என்று மறுமொழி வந்தது. அனுப்பினர், அழைப்பு வந்தது. பெயரில்லாதவர்களுக்கும் கதவு திறந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கதவைத் தட்டுமுன்பே அவர்களுக்குக் கேட்போர் இருந்தனர். எந்த வரிக்குச் சிரிப்பு வந்தது, எதற்கு இருமல் மட்டும் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்களும் தள்ளப்பட்டனர், தள்ளியது நிறுவனமன்று. 1954 முதல் யாருக்காக எழுதினார்களோ அந்த டோனி ஹான்காக்கே 1961இல் அவர்களை விட்டு விலகினார். வழிப்போக்கன் நிராகரிப்பதும் உடன் உண்டவன் நிராகரிப்பதும் ஒன்றல்ல. அவ்வேளையில் பி.பி.சி.யின் டாம் ஸ்லோன் அவர்களிடம், விரும்பியதை எழுதுங்கள் என்று தனித்தனி அரைமணி நாடகங்களுக்கு இடமளித்தார். அவற்றுள் ஒன்று, பழைய சாமான்கள் வாங்கி விற்கும் தந்தையும் மகனும் பற்றியது, 1962 சனவரியில் ஒளிபரப்பாகி, ‘ஸ்டெப்டோ அண்டு சன்’ தொடராக வளர்ந்தது. மகன் வீட்டைவிட்டுப் போக விரும்புகிறான், போக முடிவதில்லை. சிரிப்புக்கு அடியில் இத்தனை துயரத்தை வைக்க அவர்கள் எங்கே கற்றார்கள் என்பதற்கு மில்ஃபோர்டுப் படுக்கைகளே விடை என்பது என் ஊகம்.

எல்லார்க்கும் இவ்வாறு அமைவதில்லை. பி.பி.சி. வானொலியில் 1970 முதல் 1998 வரை வாரந்தோறும் வந்த ‘வீக் எண்டிங்’ என்னும் நையாண்டி நிகழ்ச்சி, புதியவர்களின் துணுக்குகளை ஏற்றது. பலருக்கு அதுவே முதற்படி. டக்ளஸ் ஆடம்சும் அதற்கு எழுதிப் பார்த்தார். அரசியல்வாதியைப் பற்றி அரை நிமிடம் எழுதும் கலை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் கற்பனை விண்மீன்களுக்கிடையே திரிந்தது. 1976 அளவில் வருவாயின்றி, கத்தார் நாட்டுச் செல்வக் குடும்பம் ஒன்றுக்கு மெய்க்காவலராகக்கூட இருந்தார். அந்நிகழ்ச்சியோடு தொடர்புடைய சைமன் பிரெட் என்னும் தயாரிப்பாளரே, இவர் வேறு இனம் என்று கண்டுகொண்டு வேறு வாய்ப்பளித்தார். 1978 மார்ச் 8ஆம் நாள் ‘விண்மீன் மண்டலத்துக்கான வழிகாட்டி’ வானொலியில் தொடங்கியது. இங்கே நிராகரித்தவர்கள் தவறு செய்யவில்லை; ஆடம்சின் துணுக்குகள் அந்நிகழ்ச்சிக்கு உண்மையிலேயே பொருந்தவில்லை. ‘ஏற்றதாக இல்லை’ என்னும் அலுவலகச் சொல்லை நாம் ஏமாற்றுப் பேச்சு என்றே கொள்கிறோம். சிலவேளை அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இப்போது அங்கே நடப்பது வேறு முறை. ஆண்டுக்கு ஒருமுறை குறித்த நாள்களில் பி.பி.சி. புதியவர்களின் பிரதிகளைப் பொதுவாக வரவேற்கிறது. ஆயிரக்கணக்கில் குவிகின்றன. முதற்சுற்றில் தொடக்கத்துச் சில பக்கங்கள் மட்டுமே, பத்துப் பக்கம் என்பது கணக்கு, படிக்கப்படுகின்றன. அவற்றில் தேறினால்தான் மேற்கொண்டு. முதற்சுற்றில் நின்றுவிடுவோர்க்குத் தனிப்பட்ட விளக்கம் எதுவும் வருவதில்லை. இது கொடுமை என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு எண்ணிப் பார்த்தேன்: வானொலிப் பெட்டியை நிறுத்துவதற்கு ஒரு கேட்பவர் எடுத்துக்கொள்ளும் நேரம் பத்துப் பக்கத்தைவிடக் குறைவுதானே.

வேறொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழ் உரைநடையின் நகைச்சுவைச் செல்வமாகிய பரமார்த்த குருவின் கதையை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதினார். அது நூலாக அச்சேறியதோ 1822இல், இலண்டனில், பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் கையால். எழுதியவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. மொழி பயில்வோர்க்கு மாதிரியாகத்தான் அவர் அதை எழுதினார். பாராட்டை எதிர்பார்த்தாரா என்பதே தெரியாது. இதை ஆறுதலாகச் சொல்ல மாட்டேன். எழுபது ஆண்டுகள் காத்திருங்கள் என்று இளைஞரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்!

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளீசின் கதையை நான் அவசர அவசரமாக எடுத்ததற்குக் காரணம், அவருடைய நாடகத்தைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான். அதைச் சொல்லத் துணிவின்றி, முகம் தெரியாத அதிகாரியை முட்டாளாக்கி, அந்த முட்டாள்தனத்தின் நிழலில் நான் ஒதுங்கிக்கொண்டேன். இரண்டு வரியில் மறுத்த அதிகாரி என்னைவிட நேர்மையானவர்.

மறு ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவரை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். முதல் எட்டுப் பக்கங்களில் வேட்பாளரின் குடும்ப வரலாறே நிறைந்திருக்கிறது; ஒற்றை வாக்கு ஒன்பதாம் பக்கத்தில்தான் வருகிறது என்றேன். அவர் தலையசைத்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் எனக்கு மனம் சரியில்லை.

இருபது நாள் கழித்துத் தம் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரதியை வாய்விட்டுப் படித்தனர். முதல் எட்டுப் பக்கங்கள் போய்விட்டிருந்தன. தோற்றவர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று நன்றி சொல்கிறார். ஒவ்வொரு வீட்டாரும், நாம்தான் வாக்களித்தோம் என்று அவர் எண்ணிவிடக்கூடாதே என்ற பயத்தில் காப்பி கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்துகிறார்கள். பெரியவர் அந்த வேட்பாளராகப் படித்தார். தாம் 1996இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றதை அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. படிக்கும் குரலிலேயே அது தெரிந்தது. மூன்று இடங்களில் நான் என்னை மறந்து சிரித்தேன். வேறு பல இடங்களில் யாரும் சிரிக்கவில்லை. இளைஞர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். சிரித்த இடத்தையல்ல, சிரிக்காத இடத்தை. கடைசிக் காட்சி இன்னும் சரியாக அமையவில்லை. வாக்களித்தவர் யார் என்பதை வெளிப்படுத்துவதா மறைப்பதா என்று அவருக்கும் பெரியவருக்கும் வழக்கு. இருட்டிய பின்னும் என் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.